சிங்கராஜ வனமும் செரண்டிப் ஆந்தையும்

அறிமுகம்

மாணவர்களே, காடழிப்புப் பற்றிய வினாக்களில் "காடு அழிந்தால் பறவைகள் அழியும்" என்று ஒரே வரியில் எழுதிப் புள்ளிகளை இழப்போர் பலர். எவ்வாறு அழியும் என்பதை விளக்கினால்தான் முழுப் புள்ளியும் கிடைக்கும். அதற்கு நம் நாட்டிலேயே சிறந்த உதாரணம் உண்டு.

1. சிங்கராஜ வனம்

இலங்கையின் ஈரவலயத்தில் இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்களில் பரந்துள்ள அயன மழைக்காடு இதுவாகும். ஆண்டுக்கு 2500 மி.மீ. இற்கும் மேற்பட்ட மழை பெறுகின்றது. களு கங்கை, கிங் கங்கை ஆகியவற்றுக்கு நீர் வழங்கும் ஓடைகள் இங்கு ஊற்றெடுக்கின்றன. இங்குள்ள மரவினங்களில் அரைவாசிக்கும் மேற்பட்டவை இலங்கைக்கு மட்டுமே உரியவை.

2. மரம் வெட்டுதல்

1970களின் தொடக்கத்தில், கொஸ்கமவில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இவ்வனத்தில் மரம் வெட்டப்பட்டது. இது தெரிவுசெய்து வெட்டும் முறையாகும். அதாவது பெரிய, தகுந்த மரங்கள் மட்டும் வெட்டப்படும். ஆயினும் பாதிப்பு அம்மரங்களுடன் நிற்பதில்லை.

• விழும் மரம் அருகிலுள்ள மரங்களையும் கொடிகளையும் முறித்து வீழ்த்தும்.
• மரக்குற்றிகளை இழுத்துச் செல்லப் பாதைகள் அமைக்கப்படுவதால் மண் இறுகி, மண்ணரிப்பு ஏற்படும்.
• விதானம் திறக்கப்படுவதால் வெயில் உட்புகுந்து, ஈரலிப்பான நிலம் உலர்ந்துபோகும்.
• அதே பாதைகள் பின்னர் சட்டவிரோதமாக மரம் வெட்டுவோருக்கும் வழியாகும்.

இயற்கை ஆர்வலர்களும் விஞ்ஞானிகளும் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து, 1977 இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978 இல் யுனெஸ்கோவின் மனிதனும் உயிர்க்கோளமும் திட்டத்தில் இவ்வனம் சேர்க்கப்பட்டது. 1988 இல் உலக மரபுரிமைத் தலமாகியது.

3. பின்னர் கண்டறியப்பட்ட பறவை

1995 இல் கித்துல்கல பகுதியில் இனங்காணப்படாத ஓர் ஆந்தையின் குரலைப் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட கேட்டார். 2001 இல் சிங்கராஜவில் அதனை நேரிற் கண்டார். 2004 இல் அது புதிய இனமாக விபரிக்கப்பட்டது. அதுவே செரண்டிப் ஆந்தை. செம்பழுப்பு நிறமுடைய இச்சிறு பறவை உலகில் இலங்கையில் மட்டுமே வாழ்கின்றது. தாழ்நில மழைக்காட்டின் உயர்ந்த மரங்களின் கீழ், அடர்ந்த கீழ்வளரிகளிடையே நிலத்துக்கு அண்மையில் இரை தேடுகின்றது. சர்வதேச சிவப்புப் பட்டியலில் இது அழிவு ஆபத்துக்குள்ளான இனமாகும்.

இங்கு ஆண்டுகளைக் கவனியுங்கள். மரம் வெட்டுதல் நின்றது 1977 இல். ஆந்தை காணப்பட்டது 24 ஆண்டுகளின் பின்னர். 1977 இல் சிங்கராஜவுக்காகக் குரல் கொடுத்த எவருக்கும் இப்பறவை இருப்பதே தெரியாது. வெட்டுதல் தொடர்ந்திருந்தால், பெயரிடப்படும் முன்னரே இவ்வினம் அதன் முக்கிய வாழிடமொன்றை இழந்திருக்கும். ஆகவே நாம் அறிந்த உயிரினங்களுக்காக மட்டுமன்றி, இன்னும் அறியாதவற்றுக்காகவும் காடு பேணப்படல் வேண்டும்.

4. மக்களின் தேவை

வனத்தைச் சூழ்ந்த கிராமத்தவர் கித்துள் பாணி, பிரம்பு, மூலிகைகள் ஆகியவற்றுக்காக நெடுங்காலம் காட்டை நாடியுள்ளனர். அவர்களை ஒதுக்கிவிட்டு வேலி அடைப்பதால் மட்டும் காடு காக்கப்படமாட்டாது. தாங்கல் வலயத்தில் மரம் நடுதல், மாற்று வருமானம், வழிகாட்டிகளாகத் தொழில் வழங்கல் என்பன அவர்களைப் பாதுகாவலர்களாக்கும். சிறு தேயிலைத் தோட்டங்களின் விரிவாக்கம், இரத்தினக்கல் அகழ்வு, வீதி அமைப்பு என்பன வன எல்லைக்குரிய அச்சுறுத்தல்களாகும்.

மாதிரி வினா

தெரிவுசெய்து மரம் வெட்டுதல்கூடப் பறவைகளின் வாழிடத்தைப் பாதிக்கும். உதாரணத்துடன் விளக்குக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு

விதானம் திறத்தல் (1), நிலமும் கீழ்வளரிகளும் பாதிக்கப்படல் (1), இதனால் உணவும் மறைவிடமும் குறைதல் (1), செரண்டிப் ஆந்தை போன்ற பொருத்தமான உதாரணம் (1).

நினைவிற் கொள்க: காரணம், விளைவு, உதாரணம் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். வெட்டிய மரத்துக்குப் பதிலாக மரம் நடலாம். அழிந்துபோன இனத்தை மீண்டும் பெற முடியாது.