கரணை பிடிக்க வரும் தம்பிக்கு

35 வருடமாகத் தரையில் குந்தியே சம்பாதித்தவன் நான். டைல்ஸ் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதல் வாரம் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்க ஆசைப்படாதே. மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பைப் பிடிக்கப் பழகு. தண்ணீர் நிரப்பியதும் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே எங்கோ காற்றுக் குமிழ் மாட்டியிருக்கிறது. சுண்டிச் சுண்டி வெளியேற்று. முனையை விரலால் அடைத்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் மட்டம் பார்க்கும்போது இரண்டு பக்கமும் விரலை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்து கோடு போடு. வீடு முழுக்கச் சுவரில் 3 அடி உயரத்தில் ஒரே மட்டத்தில் கோடு இருந்தால், அதிலிருந்து கீழே அளந்து எந்த அறையின் தரையையும் பிடித்துவிடலாம். லேசர் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்து. டியூப்பையும் கற்றுக்கொண்டு பயன்படுத்து.

2. சுவரை நம்பி முதல் வரிசை போடாதே. பெரும்பாலான அறைகள் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறி. குறுக்கே சரியாக 5 அடி வந்தால் மூலை மட்டம். பெரிய அறைக்கு 6, 8, 10. வரவில்லை என்றால் நூலை நேராகக் கட்டி, நூலை ஒட்டியே போ. சுவரின் கோணல் ஓரத்துத் துண்டில் மறைந்துவிடும்.

3. கலவை போடும் முன் ஒரு வரிசையை வெறுமனே பரப்பிப் பார். கடைசியில் இரண்டு விரல் அகலத் துண்டு வருகிறதா? முதல் டைல்ஸை நகர்த்து. முழு டைல்ஸ் வாசலில் கண்ணில் படட்டும். வெட்டுத் துண்டு கட்டிலுக்கு அடியில் போகட்டும்.

4. பெட்டியைப் படி. ஒரே டிசைனாக இருந்தாலும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் மாறினால் நிறம் மாறும். டைல்ஸ் தயாராகும் மோர்பியிலிருந்து லாரியில் வந்த சரக்கு தீர்ந்தபின் அதே நிறம் மறுபடி கிடைக்கும் என்று நினைக்காதே. 10-க்கு 10 அறைக்கு இரண்டடி டைல்ஸ் 25 போதும் என்று கணக்கு சொல்லும். நீ 28 கேள். சுவருக்கு வரும் செராமிக் தண்ணீரைக் குடிக்கும். சிமென்டில் ஒட்டுவதானால், குமிழ் அடங்கும்வரை ஊறப்போட்டு எடு. விட்ரிஃபைட் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது; அதனால் வெறும் சிமென்ட் பால் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. சுவரில் அதை ஒட்ட டைல்ஸ் பசையே வாங்கச் சொல். செலவு கூடுகிறதே என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதே.

5. டைல்ஸுக்கு அடியில் வெற்றிடம் விடாதே. இதை நான் பட்டுத்தான் கற்றேன். அவசர வேலை ஒன்றில், குளியலறைச் சுவர் டைல்ஸுக்கு நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை கலவை வைத்து அழுத்திவிட்டுப் போனேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. இரண்டாம் வருடம் ஒரு வாளி இடித்ததில் ஒன்று உடைந்து, என்னைக் கூப்பிட்டார்கள். உடைந்த இடத்தில் கையை விட்டேன். ஐந்து உருண்டையும் வைத்தது வைத்தபடி காய்ந்திருந்தன. நடுவே தண்ணீர் தேங்கி, விரலெல்லாம் கறுப்புச் சேறு. அந்தச் சுவர் முழுவதையும் பெயர்த்து, என் காசில் மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். பசையைப் பல் கரணையால் ஒரே திசையில் இழு. டைல்ஸின் முதுகிலும் மெல்லத் தேய். முதல் டைல்ஸை ஒட்டியதும் ஒருமுறை பிரித்துப் பார். முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். காய்ந்தபின் ஒரு நாணயத்தால் தட்டு. டொக்கென்று கேட்டால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டு.

6. சுவரில் இரண்டாம் வரிசையிலிருந்து ஆரம்பி. ரசமட்டம் பார்த்து ஒரு நேர்க்கட்டையை அடித்து, அதன்மேல் டைல்ஸை உட்கார வை. தரை முடிந்தபின் அடி வரிசையை அளந்து வெட்டிப் போடு.

7. குளியலறையில் வாட்டம்தான் வேலை. மற்ற அறையில் மட்டம் பிசகினால் கண் உறுத்தும். இங்கே பிசகினால் ஒரு பாட்டி வழுக்கி விழுவார். முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. தண்ணீர் போகும் துளையை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார். பிறகு துளையை நோக்கி 5 அடிக்கு முக்கால் அங்குலம் இறக்கம் கொடு. நாலு பக்கமும் துளைக்கு நூல் கட்டு. கலவைத் தளம் இறுகியதும், டைல்ஸ் போடும் முன்பே, தூரத்து மூலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்று. தண்ணீர் எங்கே தயங்குகிறது என்று குனிந்து பார். தயங்கின இடத்தைச் சுரண்டிச் சரிசெய். டைல்ஸ் போட்டபின் எந்த மேஸ்திரியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பளபளப்பு டைல்ஸைத் தரைக்கு வாங்கியிருந்தால், மாற்றி வரச் சொல். இதில் கூச்சப்படாதே, தம்பி.

8. வெட்டும் மெஷினின் காவல் தகட்டைக் கழற்றி வேலை செய்யும் ஆளோடு நிற்காதே. தண்ணீர் விட்டு வெட்டு, மூக்கை மூடு. அந்த வெள்ளைத் தூசு நெஞ்சில் படிந்தால் திரும்ப வராது. என்னோடு பழகிய இருவர் இன்று மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார்கள். சிமென்ட் கையோடு சாப்பிட உட்காராதே. கழுவிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவு.

9. டைல்ஸை இடைவெளி விடாமல் நெருக்கிப் போடச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதே. 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வை, சுவரோரமும் கொஞ்சம் விடு. ஸ்கர்ட்டிங் அதை மூடிவிடும். வெயிலுக்குத் தரை விரியும். இடம் இல்லையென்றால் ஒருநாள் நடுக்கூடத்தில் இரண்டு டைல்ஸ் கூரைபோல எழும்பி நிற்கும்.

10. மறுநாள் இடைவெளிகளில் கிரவுட் போடு. மூலைவாட்டில் தேய்த்து, ஈர ஸ்பாஞ்சால் துடை; தண்ணீரை அடிக்கடி மாற்று. வேலை முடிந்ததும் வாசலில் குறுக்கே ஒரு பலகையைச் சாத்தி வை. பூனையும் குழந்தையும் முதல் ஆளாக உள்ளே ஓடும்.