சங்கத்தின் சிறு நிதியில் ஓர் ஆய்வு: காரைக்காலிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன் கடிதங்களை எழுதுங்கள். தொழில்முறைச் சங்கங்கள் தரும் சிறு ஆய்வு நிதிக்கு முயலும் செவிலியர்களிடமும் முதுநிலை மாணவர்களிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்டுக்கொண்டு போய் முன்னுரையில் உட்கார்ந்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்திலிருந்து ஆரம்பித்து உலகத்துச் சர்க்கரை நோய் முழுவதையும் எழுதி முடிக்கும்போது கெடு முடிய நாலு நாள் இருக்கும். நெறிமுறைக் குழுக் கடிதத்தைப் பற்றிய நினைப்பு அப்போதுதான் வரும்.

எந்தச் சங்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சர்க்கரை நோய் ஆய்வென்றால் 1972-இல் தொடங்கிய ஆர்.எஸ்.எஸ்.டி.ஐ. இருக்கிறது. நுரையீரல், மூட்டுநோய் போன்ற துறைகளின் அகில இந்தியச் சங்கங்களும் ஆய்வுக்குப் பணம் தருகின்றன. பொதுவாக உறுப்பினர்களுக்குத்தான் தருவார்கள். ஆகவே உறுப்பினர் எண் கைக்கு வந்த பிறகு மற்றதைப் பேசலாம். அறிவிப்பை இரண்டு முறை படியுங்கள். இரண்டாம் முறை கையில் பேனாவோடு.

செவிலியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1922-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் செவிலிய மாணவிகள் ஆறு பேர் தொடங்கிய சிக்மா அமைப்பு சிறு ஆய்வுகளுக்கு டாலரில் நிதி தருகிறது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது வெளிநாட்டுப் பணம். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அரசு ஊழியர் அதை நேரடியாக வாங்கக் கூடாது. நிறுவனத்தின் பேரில் வாங்குவதென்றால் அந்த நிறுவனம் அச்சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது விலக்கு பெற்றதாக இருக்க வேண்டும். வெளிநாட்டு உதவியோடு நடக்கும் மருத்துவ ஆய்வுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் தேவை. ஒரு சிறு தொகைக்காக இத்தனை படி ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் ஆய்வை உள்நாட்டுப் பணத்தில் செய்யுங்கள்.

கேள்வியைச் சுருக்குங்கள்

2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி புதுச்சேரியில் வயது வந்தோரில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டுச் சராசரி 11.4. இதைப் படித்ததும் "காரைக்காலில் சர்க்கரை நோய் எவ்வளவு?" என்று கேள்வி போடத் தோன்றும். போடாதீர்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கச் சங்கத்தின் பணம் போதாது. காரைக்காலுக்கென்று எண் வேண்டுமானால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் மாவட்டத் தகவல் தாள் இருக்கிறது. அதிலுள்ள சர்க்கரை அளவு விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் பார்த்தது என்பதைக் குறிப்பிட்டு மேற்கோள் காட்டுங்கள். புதுச்சேரியின் எண்ணை அப்படியே காரைக்காலின் மேல் ஒட்டுவதை மதிப்பீட்டாளர் ஒருவராவது பிடித்துவிடுவார்.

சிறு நிதி தாங்கும் கேள்வி இப்படி இருக்கும்: ஆரம்ப சுகாதார நிலையத்தின் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வருபவர்களில் எத்தனை பேருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது? பத்து கிராம் மோனோஃபிலமென்ட் ஒன்றைப் பாதத்தில் அழுத்திப் பார்த்தால் போதும். மணலில் வெறுங்காலோடு நடக்கும் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி மக்களுக்கும், வரப்பில் நடக்கும் நெடுங்காடு மக்களுக்கும் இது நிஜமான கேள்வி. காலில் ஆணி குத்தியது தெரியாமல் ஒரு வாரம் கழித்து வரும் நோயாளியைப் பார்க்காத செவிலியர் இங்கே யார்?

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு 384 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். அந்த எண்ணைக் கண்டாலே, எந்த ஆய்வையும் படிக்காமல் பாதிக்குப் பாதி என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். உங்களுடையதைப் போன்ற ஒரு பிரிவில் நடந்த ஆய்வு 30 சதவீதம் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்து புள்ளி முன்பின் இருக்கலாம் என்றால் 323 பேர். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் 359. அதையே இரண்டு புள்ளிக்குள் சொல்லியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 2,017 பேர் வேண்டும். அது வேறு ஆய்வு, வேறு பணம்.

கடிதங்கள்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

நெறிமுறைக் குழு, "ஆய்வு நடக்கும் இடத்தின் அனுமதியைக் கொண்டுவாருங்கள்" என்கிறது. ஆய்வு நடக்கும் இடமோ, "முதலில் நெறிமுறைக் குழு ஒப்புதலைக் காட்டுங்கள்" என்கிறது. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே அலைந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். இதற்கு வழி ஒரே ஒரு சொற்றொடர். இடத்தின் அதிகாரியிடம் முழு அனுமதி கேட்காதீர்கள். "நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு, இந்த ஆய்வை இங்கு நடத்துவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி கேளுங்கள். அந்த அதிகாரிக்கு ஒப்புதல் இல்லாத ஆய்வை அனுமதித்தோம் என்ற பயம் இருக்காது. நெறிமுறைக் குழுவுக்கும் இடத்தின் சம்மதம் கையில் இருக்கும். வரைவைக் கையோடு தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். வரைவு இல்லாத மனு மேசையில் தூங்கும்.

காரைக்காலில் யாரிடம் கேட்பது? அரசு பொது மருத்துவமனைக்குள் என்றால் மருத்துவக் கண்காணிப்பாளர். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அங்குள்ள மருத்துவ அதிகாரி வழியாக நலவழித்துறைத் துணை இயக்குநர் அலுவலகம். விஷயம் இயக்குநரகம் வரை போக வேண்டும் என்று அங்கே சொன்னால், அது 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில் இருக்கிறது என்பதைக் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்த அன்றே தபால் பிரிவில் பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். அந்த எண் இல்லாமல் தொலைபேசியில் விசாரித்தால், மறுமுனையில் இருப்பவர் பாவம், எதைத் தேடுவார்?

மனுவோடு ஒரே ஒரு பக்கச் சுருக்கம் போதும். எந்த அறை, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் செய்வது என்று எழுதி, "இதனால் மருத்துவமனைக்கு எவ்விதச் செலவும் இல்லை, பணியாளர் எவரும் வழக்கமான வேலையிலிருந்து விடுவிக்கப்பட மாட்டார்கள்" என்று முடியுங்கள். அதிகாரி படிப்பது அந்தக் கடைசி வரியைத்தான். இருபது பக்க முன்மொழிவைக் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

எல்லைச் சிக்கல் ஒன்று உண்டு. வெளியூர் வழிகாட்டிகளில் இது இருக்காது. நம் மாவட்டத்தைச் சுற்றித் தமிழ்நாடு. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் தரங்கம்பாடிக்காரர்களும் நாகூர்க்காரர்களும் கலந்திருப்பார்கள். வீட்டுக்குப் போய் ஆய்வு செய்வதாக எழுதிவிட்டால், எல்லை தாண்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறையின் மாவட்ட அதிகாரியிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். மருத்துவமனைக்குள்ளேயே சந்திப்பதாக எழுதுங்கள். ஒரே அனுமதியில் முடியும். படிவத்தில் கொம்யூனுக்கு ஒரு கட்டம், மாவட்டத்துக்கு ஒரு கட்டம் வையுங்கள். முடிவில் "காரைக்கால் மக்கள்" என்று எழுதாமல் "காரைக்காலில் சிகிச்சைக்கு வந்தவர்கள்" என்று எழுதவும் அது உதவும். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-இல்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தரங்கம்பாடி வட்டத்தை நாகப்பட்டினத்தின் கீழ்தான் தேட வேண்டும்.

இனி நெறிமுறைக் குழு. உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தக் குழு இருந்தால் அது மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 2019-இன் புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகளுக்குப் பிறகு இது கட்டாயம். பதிவு எண்ணை விண்ணப்பத்தில் போடுங்கள். சொந்தக் குழு இல்லையென்றால், பக்கத்து மருத்துவக் கல்லூரிக் குழுவோடு உங்கள் நிறுவனம் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். புதிய மருந்துச் சோதனைகளுக்கு, ஒப்புதல் தரும் குழு அதே ஊரில் அல்லது 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. மோனோஃபிலமென்ட் அழுத்தும் ஆய்வு அந்த வகையில் வராது. ஆனாலும் விளக்கம் சொல்ல நேரில் வரச் சொன்னால் பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்தில் உள்ள குழுவே நல்லது.

குழு எப்போது கூடுகிறது என்பதை உறுப்பினர் செயலரின் அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். குறைந்தபட்ச ஆபத்துள்ள ஆய்வென்றால் விரைவுப் பரிசீலனை கேட்கலாம், 2017-இன் ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல்களில் அதற்கு இடம் உண்டு. கேட்காவிட்டால் யாரும் தாமாகத் தர மாட்டார்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "இப்போதே தகவல் சேகரித்துவிடலாம், ஒப்புதல் பிறகு வரும்" என்று தொடங்குவது. நடந்து முடிந்த ஆய்வுக்கு எந்தக் குழுவும் பின்தேதியிட்டு ஒப்புதல் தராது. உங்கள் ஆய்வில் பயிற்சியோ சிகிச்சையோ தந்து விளைவை அளப்பதாக இருந்தால், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பிந்தைய பதிவுகளை அங்கே ஏற்பதில்லை.

ஒப்புதல் படிவத்தை முதலில் தமிழில் எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். தலைகீழாகச் செய்தால் நோயாளிக்குப் புரியாது. கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி வேண்டும். அதற்கான கோடு படிவத்திலேயே இருக்கட்டும்.

பணப் பக்கம்

பெரும்பாலான சங்கங்கள் முதன்மை ஆய்வாளருக்குச் சம்பளம் தராது. மடிக்கணினியும் வாங்கித் தராது. கேட்டால் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் வரும். ஒவ்வொரு வரியையும் எண்ணிக்கை, விலை, தொகை என்று பிரியுங்கள். பெரிய செலவு எதுவானாலும் விலைப்புள்ளி இணையுங்கள். "இதர செலவுகள்" என்று ஒரு கொத்துத் தொகை போடுவது எனக்குப் பிடிக்காது. மதிப்பீடு செய்பவர்களுக்கும் பிடிக்காது.

வேலை தெரிந்தவர் என்பதைக் காட்டும் இடம் இதுதான். மோனோஃபிலமென்டின் நைலான் இழை பத்துப் பேருக்குத் தொடர்ந்து பயன்படுத்தினால் தளர்ந்துவிடும். ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரு நாளில் 15 பேரைப் பார்ப்பதாக இருந்தால் இரண்டு வேண்டும், உடைந்தால் மாற்ற இன்னும் ஒன்றிரண்டு. "மோனோஃபிலமென்ட் – 1" என்று எழுதியவர் அதைக் கையில் பிடித்தே பார்த்ததில்லை என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பணம் எந்தக் கணக்கில் வரும் என்பதையும் முன்பே கேளுங்கள். பெரும்பாலும் நிறுவனத்தின் கணக்கில்தான். அதை ஏற்று, உங்களுக்கு விடுவிக்க நிறுவனத்தின் கணக்குப் பிரிவு சம்மதிக்கிறதா? சம்மதக் கடிதம் கையில் இல்லாமல் நிதி கிடைத்து, காசோலை மேசையில் கிடந்தே காலாவதியான கதையும் உண்டு.

கால அட்டவணை

359 பேர், நாளுக்கு 15 பேர் என்றால் 24 நாள். சர்க்கரை நோய்ப் பிரிவு வாரம் ஒருநாள்தான் நடக்கிறது என்றால் 24 வாரம், ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. "தகவல் சேகரிப்பு: இரண்டு மாதம்" என்று எழுதிவிட்டுப் பிறகு நீட்டிப்புக் கேட்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டம் வராது, அரசலாறும் வாய்க்கால்களும் எப்போது நிரம்பும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களைத் தகவல் உள்ளிடுவதற்கு ஒதுக்குங்கள். மீனவர்களைச் சந்திக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம்தான் நேரம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் ஊரில் இருப்பார்கள். ஆனி மாத மாங்கனித் திருவிழா வாரத்தை விட்டுவிடுங்கள். சனிப்பெயர்ச்சி வரும் ஆண்டானால் திருநள்ளாறு பக்கமே போகாதீர்கள். நீங்கள் நம்பியிருக்கும் பணியாளர்கள் அங்கே முகாம் பணியில் இருப்பார்கள்.

அனுப்புவதும் பிறகும்

எல்லா இணைப்புகளையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாக ஏற்றுங்கள். கடைசி இரவில் இணையதளம் இழுக்கும். கைபேசியில் எடுத்த மங்கலான படத்தை நெறிமுறைக் கடிதமாக இணைக்காதீர்கள்.

கிடைத்தால் முதல் நாளே தனிப் பதிவேடு ஒன்று போட்டு, ஆட்டோக் கட்டணம் உட்பட ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டுங்கள். முடிவில் பயன்பாட்டுச் சான்றும் தணிக்கை செய்த கணக்கும் கேட்பார்கள். செலவாகாத பணத்தைத் திருப்ப வேண்டும். கட்டுரை வெளியாகும்போது நிதி தந்த சங்கத்தின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

கிடைக்காவிட்டால் மதிப்பீட்டாளரின் கருத்துகளைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சில சங்கங்கள் தரும். அடுத்த ஆண்டு அதே முன்மொழிவைத் திருத்தி அனுப்பலாம், ஆனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல குழுக்கள் ஓராண்டுக்கே தருகின்றன. தேதி தாண்டியிருந்தால் புதுப்பிக்க மனு கொடுங்கள். மாதிரியின் எண்ணிக்கையோ கேள்வித்தாளோ மாறியிருந்தால் அதைத் திருத்தமாகத் தனியே தெரிவியுங்கள்.