லேத்துக்கு எண்ணெய் இடுவதும் அமானிதமே



நமது தொழிற்பயிற்சிக் கூடத்தில் உள்ள பழைய லேத், ஒரு குடும்பத்தார் தம் மறைந்த தந்தைக்காக ஸதகத்துல் ஜாரியாவாக வழங்கியது. சென்ற ஆண்டு விழாவுக்கு முன் அதற்குப் பச்சை பெயின்ட் அடித்தோம். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றே மாதத்தில் ஸ்பிண்டில் சூடேறி முனகத் தொடங்கியது. பிறகு ஒருநாள் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எண்ணெய் விடும் துளையை நாம் அடித்த பெயின்ட்டே அடைத்திருந்தது. உள்ளே கன்மெட்டல் புஷ் காய்ந்து தேய்ந்துபோயிருந்தது. புது புஷ் கடைந்து மாட்டும்வரை பிள்ளைகளின் பயிற்சி நின்றது. தவறு முழுவதும் நம்முடையது.

அந்தத் தவறிலிருந்து கற்றதை, பயிற்சி பெறும் பிள்ளைகளுக்காகவும், நமது வட்டியில்லாக் கடனில் பழைய லேத் வாங்கிப் பட்டறை நடத்தும் சகோதரர்களுக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

எண்ணெய் என்ன செய்கிறது?

புஷ்ஷுக்குள் சுழலும் ஸ்பிண்டில் உண்மையில் இரும்பின் மேல் சுழல்வதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழல்கிறது. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தை உரசும், சூடேறும், கடைசியில் பிடித்துக்கொள்ளும். பெட்டின் மேல் சாடில் நகர்வதும் இப்படித்தான். ஹரிஹர் கிர்லோஸ்கர், பெங்களூரு எச்.எம்.டி., பஞ்சாபின் பட்டாலா லேத்துகள் பல, பல பத்தாண்டுகள் கடந்தும் பட்டறைகளில் ஓடுகின்றன. கனமான வார்ப்பிரும்பு மட்டும் அதற்குக் காரணமன்று. தினமும் எண்ணெய் விட்ட கைகளும் காரணம்.

எந்த எண்ணெய்?

இயந்திரத்தின் தகட்டிலோ கையேட்டிலோ குறித்திருந்தால் அதுவே முதல். குறிப்பு இல்லையென்றால் பொதுவழக்கம் இது: புஷ்ஷில் ஓடும் ஸ்பிண்டிலுக்கு 22 அல்லது 32 தர ஸ்பிண்டில் ஆயில், பல்சக்கர ஹெட்ஸ்டாக்குக்கு 46 அல்லது 68 தரம், பெட்டுக்கும் ஸ்லைடுகளுக்கும் 68 தர ஸ்லைட்வே ஆயில். எண் கூடக்கூட எண்ணெய் கெட்டியாக இருக்கும்.

வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் கரியும் நுண்ணிய உலோகத்தூளும் கலந்திருக்கும். தேங்காய் எண்ணெய் போன்றவை நாளடைவில் பிசினாகிவிடும். எண்ணெய்க்கென்று செய்த துளையில் கிரீஸை அடைக்கக் கூடாது. அது உள்ளே ஓடிப் பரவாமல் வழியை மூடிவிடும்.

தினமும் செய்ய வேண்டியவை

காலையில் சுவிட்ச் போடும் முன், எண்ணெய்த் துளைகள், கிண்ணங்கள் அனைத்தையும் துடைத்துவிட்டு, அதன்பின் சில சொட்டு விடுங்கள். துடைக்காமல் விட்டால் மேலிருக்கும் தூசியும் எண்ணெயோடு உள்ளே போகும். ஹெட்ஸ்டாக்கில் கண்ணாடி இருந்தால் அளவைப் பாருங்கள். பெட்டைத் துடைத்து எண்ணெய் பூசி, சாடிலை ஒருமுறை முழு நீளத்துக்கும் நகர்த்துங்கள்.

மாலையில் சுருளையும் தூளையும் பிரஷ்ஷால் தள்ளுங்கள். காற்றுக் குழாயால் ஊதினால் தூள் சாடிலுக்கு அடியில் புகுந்து பெட்டை அராவும். எமரித் தாள் போடும் வேலையென்றால் பெட்டைத் துணியால் மூடிவிட்டு, முடிந்ததும் நன்றாகத் துடைக்க வேண்டும். பால்போன்ற கூலண்ட் ஓடினால் அது பெட்டின் எண்ணெயைக் கழுவிவிடும். துடைத்து மறுபடி பூசாமல் பட்டறையைப் பூட்டாதீர்கள். பெருநாள் விடுமுறைக்கு மூடும்போது கொஞ்சம் தாராளமாகவே பூசுங்கள். கடலோர ஊர்களில் ஓரிரு நாளிலேயே துரு பிடித்துவிடும்.

டெயில்ஸ்டாக்கின் வெளிப்பக்கத்துக்கு எண்ணெய் வேண்டும். சென்டர் செருகும் டேப்பர் துளை மட்டும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் சென்டர் வழுக்கும்.

வாரமும் மாதமும்

வாரம் ஒருமுறை லீட் ஸ்க்ரூவின் மரைகளை பிரஷ்ஷால் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். பக்கப் பெட்டியிலுள்ள பல்சக்கரங்களையும் மறக்க வேண்டாம். மாதம் ஒருமுறை பெல்ட்டின் இறுக்கத்தையும் ஸ்லைடுகளின் ஆட்டத்தையும் பாருங்கள். ஹெட்ஸ்டாக் எண்ணெயை மாற்றும்போது வடித்ததைக் கவனியுங்கள். பொன்னிறத் துகள் மின்னினால் புஷ் தேய்கிறது. வெள்ளையாகக் கலங்கியிருந்தால் தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. பெயின்ட் அடிக்கும் முன் எல்லாத் துளைகளையும் அடையாளமிட்டு மூடி, பிறகு திறந்துவிடுங்கள்.

உயிர் முக்கியம்

சுத்தம் செய்வது, துடைப்பது எல்லாம் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே. ஓடும் சக்கின் அருகே பனியன் வேஸ்ட்டைக் கொண்டுபோகாதீர்கள். துணியோடு கையையும் இழுத்துவிடும். ஜிப்பாவின் கை தொளதொளப்பாக இருந்தால் மடித்தாலும் போதாது, மாற்றிவிட்டு வாருங்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டு நகராதீர்கள்.

சகோதரர்களே, குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்துக்கு அல்ஹதீத், அதாவது இரும்பு என்றே பெயர். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், அவர்கள் கவசம் செய்ததையும் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். இரும்போடு உழைப்பது தாழ்ந்த வேலையன்று.

ஸதகத்துல் ஜாரியாவாக ஒருவர் கொடுத்த பொருள் ஓடும்வரைதான் அதன் நன்மையும் ஓடும். அதை நிறுத்திவிடும் உரிமை நமக்கில்லை. இப்போது நமது லேத்தின் அருகே ஒரு அட்டை தொங்குகிறது. எண்ணெய் விட்ட மாணவர் தினமும் அதில் கையெழுத்திடுகிறார். துளைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறோம். பச்சை பெயின்ட் அங்கங்கே உரிந்துவிட்டது; மறுபடி அடிக்கவில்லை. ஸ்பிண்டில் சத்தமின்றி ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் பட்டறையிலும் இப்படி ஒரு அட்டையைத் தொங்கவிடுங்கள். உழைப்பில் அல்லாஹ் பரகத் செய்வானாக. வஸ்ஸலாம்.