ஜானும் அருளப்பனும் ஒருவரா?

கேள்வி: காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் கடைக்கும் வருவார்கள். பெயர் கேட்டு எழுதும்போது பிரான்சுக்காரர் 'ழான்' என்கிறார், இத்தாலிக்காரர் 'ஜொவான்னி', ஸ்பெயின்காரர் 'ஹுவான்', ரஷ்யர் 'இவான்'. கூட வரும் கைடு, "எல்லாம் ஒரே ஜான்தான்மா, உங்க தெரு அருளப்பன்கூட ஜான்தான்" என்று சிரிக்கிறார். உண்மையா? எங்கள் முதலாளி ஒரு படி மேலே போய், மேரியும் நம் மாரியும் ஒன்று என்கிறார். எதை நம்புவது?
— வாசகி, ஏனாத்தூர்

பதில்: கைடு சொன்னது சரி. முதலாளி சொன்னது சரியில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுகிறேன்.

'யோஹனான்' என்பது எபிரேயப் பெயர். கடவுள் அருள் செய்தார் என்று பொருள். அது கிரேக்கர் வாயில் இயோஆன்னேஸ் ஆகி, லத்தீனில் யோஹன்னஸ் ஆனது. லத்தீன் வழியே ஐரோப்பா முழுக்கப் பரவியபோது, முதலில் நின்ற யகரத்தை ஆளுக்கொரு விதமாக உச்சரித்தார்கள். நம் யமுனா வடக்கே ஜமுனா ஆகவில்லையா, அதே கதைதான். இத்தாலிக்காரர் ஜகரமாக்கினார், பிரான்சுக்காரர் அதைத் தேய்த்து 'ழா' என்றார், ஸ்பெயின்காரர் தொண்டையிலிருந்து ஹகரமாக எடுத்தார். ரஷ்யர்களுக்குப் பெயர் லத்தீன் வழியாக வராமல் கிரேக்கத் திருச்சபை வழியாக வந்ததால் இவான். ஜெர்மானியர்கள் யோஹன்னஸின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டு 'ஹான்ஸ்' என்கிறார்கள். அயர்லாந்தின் ஷான், போலந்தின் யான், போர்ச்சுகலின் ஜொவாவ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். திருக்குர்ஆனில் வரும் யஹ்யாவும் பைபிளின் திருமுழுக்கு யோவானும் ஒருவரே. பெண்களில் ஜேன், ஜோன், ஜோவான்னா. ஜானகியை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அவள் ஜனகன் மகள்.

ஜொவான்னி என்று மகனைக் கூப்பிடும் இத்தாலியத் தாய்க்கு அதில் 'அருள்' இருப்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போனது ஒலிதான்; பொருள் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. உங்கள் ஊரிலேயே பாருங்கள். ஏக ஆம்ரம், அதாவது ஒற்றை மாமரம், தேவாரத்தில் ஏகம்பமாகி, இன்று ஏகாம்பரமாக நிற்கிறது. ஏகாம்பரம் என்று பெயர் வைத்திருப்பவரிடம் மாமரம் எங்கே என்று கேட்டால் விழிப்பார். பட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கோ, பீதாம்பரத்தைப் பார்த்த பழக்கத்தில், அம்பரம் என்றால் துணி என்றுதான் தோன்றும்.

தமிழ்நாட்டுக்கு வந்த கத்தோலிக்கப் பாதிரியார்கள் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்தார்கள். ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். அருள் செய்தவன் என்பதால் ஜான் அருளப்பன் ஆனார். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர். ஆகவே பால் சின்னப்பன். பீட்டர் என்றால் கிரேக்கத்தில் பாறை, அவர் ராயப்பன். தெலுங்கில் 'ராயி' என்றால் கல், அதிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். காஞ்சியில் தெலுங்கு பேசும் நெசவாளர் வீடுகளுக்குப் பஞ்சமில்லை, கேட்டுப் பாருங்கள். லாசரஸ் என்ற பெயர் 'கடவுள் துணை செய்தார்' என்னும் எபிரேயப் பெயரின் தேய்ந்த வடிவம். 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் தேவசகாயம் என்று வந்தது. 2022இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

பாதிரியார்கள் தங்கள் பெயரையும் விட்டுவைக்கவில்லை. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட போர்ச்சுகீசியர் ஜொவாவ் தெ பிரித்தோ, நம் மக்களுக்கு அருளானந்தர். ஜொவாவில் இருந்த அருள் அங்கே அப்படியே இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, கலங்காத உறுதி என்ற தன் பெயரின் பொருளைப் பிடித்துத் தைரியநாதர் ஆனார், பிறகுதான் வீரமாமுனிவர். அவருடைய தேம்பாவணியில் நாயகன் யோசேப்புக்கு வளன் என்று பெயர். யோசேப்பு என்றால் 'இன்னும் சேர்ப்பார்', பெருகட்டும் என்ற பொருள். அதை வளன் என்று மூன்றே எழுத்துச் சொல்லில் கொண்டுவந்தது பெரிய கைவேலை. திருமுழுக்கு யோவான் அங்கே கருணையன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கருணையன் தாயை இழந்து அழும் பாடல்களைப் படித்த பிள்ளைகள், தாங்கள் படிப்பது ஒரு ஜானைப் பற்றி என்று உணர்ந்திருப்பார்களோ என்னவோ.

எல்லாப் பெயரும் இப்படி மொழிபெயர்க்கப்படவில்லை. ஜோசப்பைப் போர்ச்சுகீசியர் உச்சரித்ததைக் காதில் வாங்கிச் சூசை என்றோம். ஜேம்ஸும் ஜேக்கப்பும் ஒரே பெயரின் இரண்டு கிளைகள். ஸ்பெயின்காரரின் சாந்தியாகோ, அதாவது புனித யாகோபு, நம்மூரில் சந்தியாகு. இஸ்லாமியர் வீட்டு யாகூப்பும் அதே பெயர். கேரளத்து வர்கீஸ் என்பது ஜார்ஜ். விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரினின் யூரியும் ஜார்ஜ்தான். பொருள், நிலத்தில் பாடுபடுபவர்.

சீர்திருத்தச் சபையினர் ஒலியின் பக்கம் நின்றார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டின் வழியில் வந்தவர்கள் யோவான், பேதுரு, பவுல் என்றே எழுதினார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தோடு கத்தோலிக்கரும் அந்த வடிவங்களுக்கு வந்துவிட்டார்கள். ஒற்றுமைக்கு நல்லது. ஆனால் அருளப்பனும் சின்னப்பனும் தாத்தாக்களின் பெயராகச் சுருங்கிப்போனதில் எனக்கு வருத்தம்தான்.

இனி மேரி, மாரி. எபிரேயத்தில் அது மிர்யாம், அரபியில் மர்யம், கிரேக்கத்தில் மரியாம், மரியா. பழைய வடிவங்களில் கடைசியில் ஒரு மகரம் இருப்பதைக் கவனியுங்கள். அந்த மகரம் உதிர்ந்து, ஆங்கிலேயர் வாயில் உயிரொலி மாறி, மிகப் பிற்காலத்தில் பிறந்ததே 'மேரி'. நம் மாரியோ சங்கப் பாடல்களிலேயே மழையைக் குறிக்கும் சொல். இரண்டுக்கும் வேர் வேறு, வழி வேறு. மிர்யாமுக்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. முதலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை, இந்த மயக்கம் பலருக்கும் உண்டு. இரண்டு பெயர்களை ஒப்பிடும்போது இன்றைய உச்சரிப்பை விட்டுவிட்டு, கிடைக்கிற மிகப் பழைய வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜானும் அருளப்பனும் காதுக்கு எட்டாத உறவு. மேரியும் மாரியும் காதுக்கு மட்டுமே உறவு.

கடைக்கு என்றாவது ஒரு சேவியர் வந்தால், அவரிடம் அருள், கருணை என்று எதையும் தேடாதீர்கள். அது ஊர்ப்பெயர். ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் 'புதுவீடு'. பழனி, சிதம்பரம் என்று நாம் பிள்ளைக்கு ஊர்ப்பெயர் வைப்பது போலத்தான். அந்தக் கணக்கில், தூத்துக்குடிப் பக்கத்துச் சவரிமுத்து எல்லாரும் புதுவீட்டுக்காரர்கள்.