பனங்கற்கண்டு: கழுவும் தண்ணீரில் கரைந்து போகும் லாபம்

பனை வைத்திருக்கும் உழவர்கள் கருப்பட்டியோடு நின்றுவிடாமல் கற்கண்டும் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பாகு ஊற்றி, நூல் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து விளைந்த கற்கண்டை, கடைசி ஒரு மணி நேரத்தில் பலர் வீணாக்கிவிடுகிறார்கள். வடிப்பதிலும் கழுவுவதிலும்தான் கோட்டை விடுகிறோம்.

ஏன் கழுவணும்?

கற்கண்டு என்பது பதநீரில் உள்ள சுக்ரோஸ் சர்க்கரை ஒன்றுகூடி விளைந்த படிகம். விளையாத குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், உப்புகள், நிறம் எல்லாம் மிஞ்சிய பாகில் தங்கிவிடும். அந்தப் பாகு மெல்லிய படலமாகக் கற்கண்டின் மேல் ஒட்டியிருந்தால், காற்றின் ஈரத்தை இழுக்கும். டப்பாவில் பிசுபிசுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார்.

முதலில் நல்லா வடிங்க

கற்கண்டை மூங்கில் கூடையில் கொட்டி, அடியில் பாத்திரம் வைத்து, ஓர் இரவு முழுக்க விடுங்க. குளிர்ந்த பாகு கெட்டியாகி நகராது. அதனால் வெதுவெதுப்பான இடமே நல்லது. வடிவது எவ்வளவு கூடுகிறதோ, கழுவும் வேலை அவ்வளவு குறையும்.

எதில் கழுவுவது?

சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2 கிலோ சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். 10 கிலோ கற்கண்டை ஒரு லிட்டர் தண்ணீரில் அலசி ஊறவிட்டால், ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடலாம். குளிர்ந்த தண்ணீரானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெந்நீர் பக்கமே போகவேண்டாம்.

வழி இதுதான்: அரை லிட்டர் தண்ணீரில், உடைந்த கற்கண்டுத் தூளை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே போட்டு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும்வரை கலக்குங்க. தெளிந்த மேல்நீரை மட்டும் எடுங்க. வயிறு நிறைந்தவனுக்குச் சோறு இறங்காத மாதிரி, இந்த நீருக்கு மேற்கொண்டு சர்க்கரையைக் கரைக்க இடமில்லை. பாகுப் படலத்தை மட்டும் தள்ளிக்கொண்டு போகும்.

கூடையிலுள்ள கற்கண்டின் மேல் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை தெளிங்க. ஒவ்வொரு தடவையும் முழுக்க வடிந்த பிறகே அடுத்தது. ஒரே தடவையில் மொத்தமாக ஊற்றுவதைவிட இதில் அழுக்கு அதிகம் போகும். ஊற்றிய நிறத்திலேயே நீர் வெளிவந்தால் நிறுத்திவிடலாம். கற்கண்டுக்குள்ளேயே சிக்கிய பழுப்பு எத்தனை கழுவினாலும் போகாது; போகவும் தேவையில்லை.

பிறகு மெல்லிய துணி போர்த்தி உலர்த்துங்க. கையில் தேய்த்தால் ஒட்டக்கூடாது, குலுக்கினால் கலகலன்னு சத்தம் வரணும்.

வடிந்த பாகு

கொட்டிவிடாதீங்க. கழுவிய நீரை அடுத்த காய்ச்சலில் சேர்க்கலாம். கறுத்த பாகை ஜீவாமிர்தத்தில் வெல்லத்துக்குப் பதிலாக ஊற்றலாம். பனையிலிருந்து வந்தது மண்ணுக்கே போகட்டும்.