காய் நறுக்கும் வேலைக்கு ஓர் இயந்திரம்

ஃபுட் பிராசஸர் வாங்கிய பல வீடுகளில் அது சில மாதங்களிலேயே பரணுக்குப் போய்விடுகிறது. கேட்டால், "சட்னி நைசா அரையல", "மாவு ஆட்ட முடியல", "கழுவுறதுதான் பெரிய வேலை" என்பார்கள். முதல் இரண்டு குறைகளும் உண்மைதான். ஆனால் அவை இயந்திரத்தின் குறைகள் ஆகா. மிக்ஸியைவிடப் பெரியது, விலை கூடியது, ஆகவே மிக்ஸி செய்வதை இன்னும் நன்றாகச் செய்யும் என்று நம்பி வாங்குவதால் வரும் ஏமாற்றம் அது. வீட்டுச் சமையலில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. ஃபுட் பிராசஸர் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பதிலாக வந்ததல்ல. அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, மாவு பிசையும் கை ஆகியவற்றின் வேலையைச் செய்ய வந்தது. இதை மனதில் வைத்து வாங்கினால் அது தினமும் உழைக்கும். மறந்துவிட்டு வாங்கினால் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் வீண்தான்.

நம் சமையலறைகளில் அரைக்கும் வேலைக்கு இயந்திரம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. சத்ய பிரகாஷ் மாத்தூர் இந்தியச் சமையலுக்கென்றே உருவாக்கிய சுமீத் மிக்ஸி, உலர்ந்த மிளகாயையும் மல்லியையும் தாங்கும் மோட்டாரோடு வந்தது. மாவாட்டும் வேலையைக் கோயம்புத்தூர் கிரைண்டர் எடுத்துக்கொண்டது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது மிக்ஸியும் கிரைண்டரும் எளிய வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆனால் கோஸ் அரிவது, பீன்ஸ் பொடியாக நறுக்குவது, கேரட் துருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் இன்றும் பெரும்பாலும் கையால்தான் நடக்கின்றன. ஃபுட் பிராசஸர் பிறந்ததே அந்த வேலைகளுக்காகத்தான். பிரான்சில் பியேர் வெர்தோன் உணவகச் சமையலறைகளுக்காக ரோபோ கூப் இயந்திரத்தை வடிவமைத்தார். 1971-இல் அதன் வீட்டு வடிவம் மேஜிமிக்ஸ் என்ற பெயரில் வந்தது. அதைப் பார்த்த அமெரிக்கப் பொறியாளர் கார்ல் சொந்தைமர், 1973-இல் க்யூசினார்ட் என்ற பெயரில் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். நறுக்கவும் துருவவும் பிசையவும் ஆள்கூலி மிகுந்த இடத்தில், அந்த உழைப்பைக் குறைக்கவே இந்தக் கருவி தோன்றியது.

மிக்ஸி, பிராசஸர் இரண்டின் அமைப்பையும் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். மிக்ஸி ஜாரின் அடிப்பகுதி குறுகியது. பிளேடு அடியை ஒட்டிச் சுழலும். மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 18,000 சுற்றுகளைத் தொடும். தண்ணீர் சேர்ந்ததும் உள்ளே ஒரு சுழி உண்டாகி, அரைபடாத துணுக்குகளைத் திரும்பத் திரும்பப் பிளேடிடம் இழுத்து வரும். விழுது நைசாக வருவது அதனால்தான். பிராசஸரின் கிண்ணம் அகலமானது, வேகம் பல மடங்கு குறைவு. அகன்ற கிண்ணத்தில் அந்தச் சுழி உருவாவதில்லை. துணுக்குகள் ஓரத்துக்குத் தெறித்து ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் நடுவில் இருக்கும் குழாய் போன்ற தண்டின் உயரத்தைத் தாண்டித் திரவம் ஊற்றினால், அதன் வழியே ஒழுகி மோட்டார் பக்கம் இறங்கும். ஆகவே சட்னி அரைப்பதும் மாவாட்டுவதும் இதன் வேலையே இல்லை. அதே குறைந்த வேகந்தான் வெங்காயத்தைக் கூழாக்காமல் நறுக்குவதற்கும், மாவைச் சூடேற்றாமல் பிசைவதற்கும் உதவுகிறது.

இதை ஏற்றுக்கொண்டால் கடையில் எதைப் பார்ப்பது என்பதும் மாறிவிடும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை. நறுக்கும் பிளேடு, வில்லை போடும் தட்டு, துருவும் தட்டு, மாவு பிசையும் பிளேடு ஆகிய நான்கும் நன்றாக இருந்தால் போதும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கிண்ணம் சரியாக இருக்கும். பெரிதாக வாங்கிவிட்டால், இரண்டு வெங்காயம் போடும் நாளில் பிளேடுக்குப் பிடி கிடைக்காமல் எல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். காய் போடும் குழாயின் அகலத்தைக் கட்டாயம் பாருங்கள். அது குறுகலாக இருந்தால் இயந்திரத்தில் போடுவதற்காகவே காயைக் கையால் நறுக்க வேண்டிவரும். பிறகு இயந்திரம் எதற்கு? வாட் எண் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைச் சொல்கிறதே தவிர, வேலையின் தரத்தைச் சொல்வதில்லை. நம் ஊரில் விற்பவை பலவும் மிக்ஸி மோட்டாரின் மேலேயே கிண்ணத்தைப் பொருத்தி, கியர் மூலம் வேகத்தைக் குறைப்பவை. இடம் குறைந்த சமையலறைக்கு இது நல்ல ஏற்பாடு. அரைக்கும் ஜாரும் நறுக்கும் கிண்ணமும் ஒரே அடிப்பாகத்தில் முடிந்துவிடும். ஆனால் மாவு பிசையும்போது சுமை முழுவதும் அந்தக் கியர்மேல் விழும் என்பதால், ஒரு தடவைக்கு எத்தனை கிராம் மாவு என்று கையேட்டில் இருக்கும் அளவை மீறக் கூடாது. வாங்குமுன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, கிண்ணமும் மூடியும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பது. மோட்டார் பழுதாகும் முன்பே மூடியின் பூட்டும் பிளாஸ்டிக் விளிம்பும்தான் உடையும். அவை கிடைக்காவிட்டால், பாதுகாப்புப் பூட்டு விழாமல் இயந்திரம் ஓடாது.

பயன்படுத்துவதில் பொறுமையைவிட நிறுத்தத் தெரிவது முக்கியம். வெங்காயத்தை நான்காகப் பிளந்து போட்டு, பல்ஸில் ஒரு நொடி விட்டு ஒரு நொடி என நாலைந்து முறை தட்டினால் போதும். தொடர்ந்து ஓடவிட்டால் நீர் விட்டுக் கூழாகும். வதக்கினால் பொன்னிறம் வராமல் வேகத்தான் செய்யும். தட்டைப் போட்டுத் துருவும்போது கேரட்டைக் குழாயில் நிற்கவைத்தால் துருவல் குட்டையாகவும், படுக்கவைத்தால் நீளமாகவும் வரும். அல்வாவுக்கு முதலாவது, சாலட்டுக்கு இரண்டாவது. பீன்ஸைக் கொத்தாக அடுக்கிக் குழாயில் நெருக்கமாக நிறுத்தி வில்லைத் தட்டில் விட்டால் பொரியலுக்கான அளவில் விழும்; இடைவெளி இருந்தால் சாய்ந்து கோணலாகும். தேங்காயின் பழுப்புத் தோலைச் சீவி, சிறு துண்டுகளாகப் போட்டுப் பல்ஸில் தட்டினால் பொரியலுக்கும் புட்டுக்கும் ஏற்ற பூ கிடைக்கும். சப்பாத்திக்கு முதலில் மாவும் உப்பும் போட்டு, இயந்திரம் ஓடும்போதே குழாய் வழியே தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். ஆட்டாவின் எடையில் ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம் தண்ணீர் பிடிக்கும். மாவு உருண்டு திரண்டு கிண்ணத்தின் சுவரை விட்டு விலகிய உடனே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அது நடந்துவிடும். அதற்குமேல் ஓட்டினால் மாவு சூடேறி இறுகும். பிறகு இருபது நிமிடம் மூடி வைத்தால் கையால் பிசைந்த மென்மை வந்துவிடும்.

எதைப் போடக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். வாழைத்தண்டின் நார் கிண்ணத்தின் நடுத்தண்டில் சுற்றிக்கொள்ளும். வெண்டைக்காய் வழவழத்துத் தட்டில் ஒட்டும். கீரை நசுங்கிக் கறுக்கும். இவற்றுக்குக் கத்தியும் அரிவாள்மனையும்தான் சரி. கொதிக்கும் பொருளைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றவே கூடாது. மற்ற காய்களிலும் வரிசை பார்த்துச் செய்தால் கழுவும் வேலை பாதியாகும்: முதலில் தேங்காய், அடுத்து கோஸ், பிறகு கேரட், கடைசியாக வெங்காயமும் பீட்ரூட்டும். இந்த வரிசையில் இடையில் ஒரு முறை தண்ணீரில் அலசினாலே போதும். கேரட் கறை கொழுப்பில் கரைவது. சில துளி எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுச் சோப்பு போட்டால் போய்விடும். கழுவுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். பிளேடை எடுத்த பிறகே கிண்ணத்தைக் கவிழுங்கள். நுரை நிறைந்த தொட்டிக்குள் பிளேடைப் போட்டு வைக்காதீர்கள். உள்ளே கிடப்பது தெரியாமல் கையை விடுபவரின் விரல் போகும். காயை அழுத்துவதற்குத் தள்ளுகட்டையைத் தவிர வேறெதுவும் குழாய்க்குள் நுழையக் கூடாது. சுமை கூடித் திடீரென்று நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓடும்.

இவ்வளவுக்கும் பிறகு, கழுவும் நேரத்தில் கத்தியாலேயே நறுக்கி முடித்துவிடலாமே என்ற மறுப்பு எழும். சிறிய சமையலுக்கு இந்த மறுப்பு முற்றிலும் சரி. ஒரு வெங்காயத்துக்கும் இரண்டு தக்காளிக்கும் இயந்திரத்தை எடுப்பது அறிவீனம். பொருத்தவும் கழுவவும் துடைத்து வைக்கவும் ஆகும் நேரத்தைவிடக் கையால் நறுக்கும் நேரம் தெளிவாகக் கூடுதலாக இருக்கும்போதுதான் அதை எடுக்க வேண்டும். இருவர் மட்டும் உள்ள வீட்டில், தாளிக்க வெங்காயம் நறுக்குவதே பெரிய வேலை என்றால், கயிறு இழுக்கும் சாப்பர் ஒன்று சில நூறு ரூபாயில் அதை முடித்துவிடும். ஃபுட் பிராசஸர் வேண்டியதில்லை. அரைக் கிலோ கோஸ், கால் கிலோ பீன்ஸ், ஒரு மூடித் தேங்காய், இரவுக்குச் சப்பாத்தி என்று வேலை குவியும் வீட்டில் கணக்கு மாறுகிறது. அங்கே ஒரே கிண்ணத்தில், ஒரே கழுவலில் நாலு வேலை முடியும்.

கையால் நறுக்கிய ருசி வராது என்பது அடுத்த மறுப்பு. இதிலும் பாதி உண்மை இருக்கிறது. வெங்காயத்தின் செல்கள் எவ்வளவு சிதைகின்றனவோ அவ்வளவு காரநெடி கிளம்பும். இயந்திரம் கூரிய கத்தியைவிட அதிகமாகவே சிதைக்கிறது. எனவே பச்சையாகப் போடும் தயிர்ப் பச்சடிக்குக் கத்திதான் நல்லது. குருமாவுக்கும் மசாலாவுக்கும் வதக்கும்போது அந்த நெடி அடங்கிவிடும். கோஸ், கேரட், வாழைக்காய் வில்லை போன்றவற்றில் இயந்திரமே முந்துகிறது. எல்லாத் துண்டும் ஒரே தடிமனாக இருப்பதால் ஒன்று வெந்து ஒன்று வேகாமல் போவதில்லை, சிப்ஸ் ஒன்றுபோலச் சிவக்கிறது. மின்கட்டணத்தைப் பற்றிய அச்சத்துக்கு இடமே இல்லை. 750 வாட் மோட்டார் முழுச் சுமையில் ஐந்து நிமிடம் ஓடினால், அப்படிப் பதினாறு முறை ஓட்டிய பிறகுதான் ஒரு யூனிட் ஆகும்.

கடைசி மறுப்பை யாரும் நேராகச் சொல்வதில்லை. ஆனால் பல வீடுகளில் அதுதான் வலுவானது. காய் நறுக்கக்கூட மிஷினா என்ற குரல் அது. மிக்ஸி வந்தபோதும் இதே குரல் எழுந்தது; இன்று மிக்ஸி இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த 299 நிமிடங்களில் நறுக்குவதும் துருவுவதும் பிசைவதும் அடக்கம். அவற்றைச் செய்யும் மணிக்கட்டுக்கு வயதாகிறது, வலிக்கிறது. அந்த வலியைக் குறைக்கும் கருவியைச் சோம்பலின் அடையாளம் என்று சொல்வது, வேலை செய்பவரின் பக்கம் நின்று பேசும் பேச்சாகாது. இன்னொன்றும் இருக்கிறது. பொடியாக, சீராக நறுக்கப் பழக ஆண்டுகள் ஆகும். "எனக்கு அது வராது" என்று ஒதுங்குவதற்கு அதுவே வசதியான காரணமாகவும் இருக்கிறது. பல்ஸ் பொத்தானை ஐந்து முறை தட்ட யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வாரம், வீட்டில் கையால் நறுக்கியது, துருவியது, பிசைந்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பட்டியல் சிறியதாக இருந்தால் பணத்தை மிச்சப்படுத்தி, நல்ல கத்தி ஒன்றும் பலகையும் வாங்குங்கள். பெரியதாக இருந்தால் அந்தப் பட்டியலோடு கடைக்குப் போய், அந்த வேலைகளைச் செய்யும் கிண்ணத்தையும் தட்டுகளையும் மட்டும் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏற்றாமல் மேடையிலேயே இடம் கொடுங்கள். எடுக்கச் சிரமமான கருவி எவ்வளவு நல்லதானாலும் பயன்படாது. அதை ஓட்டவும் கழுவவும் வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். நறுக்கும் சுமை ஒருவர் கையிலிருந்து பலர் கைக்கு மாறினால்தான் கொடுத்த விலைக்கு முழுப் பயன் கிடைக்கும்.