விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – புள்ளியியல்)

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது முன்னோர் வாக்கு. உழவர் குடும்பத்தில் பிறந்த நான் அதை மறுக்கத் துணியேன். எனினும் நாற்றங்கால் வரப்பில் நின்றுகொண்டு, 'இந்த நாற்று முதலாவது, அந்த நாற்று இருநூறாவது' என்று என் தந்தையார் எண் போட்டு நான் பார்த்ததில்லை. மனித நாற்றுகளுக்கு மட்டுமே நாம் அவ்வாறு எண் போடுகிறோம். அந்த எண் எவ்வளவு தூரம் மெய்யாகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற பருவத்தில் எங்கள் துறைப் பேராசிரியர் கருத்தரங்கிற்காகத் 'தரவரிசை ஒட்டுறவு' என்னும் தலைப்பைத் தந்தார்கள். நண்பர்கள் பலரும் தேர்வு மதிப்பெண்களை எடுத்துக்கொண்டனர். நான் சற்று விலகி, வட அமெரிக்கப் பனி ஹாக்கியை எடுத்துக்கொண்டேன். காரணம் எளிது. பதினெட்டு வயது இளைஞர்களை ஊரறிய வரிசைப்படுத்தி, அந்த வரிசையை ஆண்டு வாரியாக அழியாமல் காத்து வைத்திருக்கும் துறைகள் உலகில் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

ஆட்டமும் தேர்வும்

நாம் அறிந்த ஹாக்கி புல்தரையில் நடப்பது. இது 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தளத்தில், காலில் சறுக்குக் கத்தி கட்டிய காலணியுடன் ஆடப்படுவது. பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு. ஒரு பக்கத்திற்குக் கோல் காப்பவர் உட்பட அறுவர். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி; அதற்கு வட்டைக் கடத்திக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. ஒரு கோலுக்கு அதிக அளவாக இருவர் அவ்வாறு உதவிப் புள்ளி பெறலாம்.

தேசிய ஹாக்கி லீக் என்னும் தொழில்முறைப் போட்டியில் இன்று 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் இவை முறை வைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 1963இல் மான்ட்ரியால் நகரில் இது தொடங்கியது. இப்போது ஏழு சுற்றுகள். ஆக 224 இடங்கள். பின்தங்கிய அணிகள் முன்னதாக எடுக்கும். 1995 முதல் தலைமை இடங்களுக்குக் குலுக்கல் முறையும் உண்டு. தேர்வானவுடன் அந்த இளைஞன் பெரிய அணியில் ஆடிவிட மாட்டான். பெரும்பாலோர் இரண்டு, மூன்று, சில வேளை ஐந்து ஆண்டுகள் கூடக் கீழ்நிலைப் போட்டிகளில் பயில வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் விவாதம் சூடு பிடிக்கிறது. ஒவ்வோர் அணியின் அன்பர்களும் தங்கள் நாற்றுகளை ஒன்று முதல் இருபது வரை வரிசைப்படுத்தி, 'இவன் மேல், அவன் கீழ்' என்று வாதிட்டுக்கொண்டே இருப்பர்.

மூன்று அட்டைகள்

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் என்ற அணியையும் அதனோடு தொடர்புடைய தேர்வுகளையும் நான் எடுத்துக்கொண்டேன். விடுதி அறையில் ஒரு நாள் இரவு மூன்று அட்டைகளில் மூன்று இளைஞர்களைப் பற்றி எழுதினேன். பெயர் எழுதவில்லை. தேர்வு நாளில் அறியப்பட்டிருந்தவற்றை மட்டுமே எழுதினேன்.

அட்டை அ: முன்கள ஆட்டக்காரன். கனடாவின் இளையோர் போட்டியில் 57 ஆட்டங்களில் 82 புள்ளிகள். அவற்றுள் 44 கோல்கள். ஆட்டத்திற்குச் சராசரி 1.44.

அட்டை ஆ: தடுப்பாட்டக்காரன். உயரம் குறைவு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டியில் 37 ஆட்டங்களில் 29 புள்ளிகள். சராசரி 0.78.

அட்டை இ: உயரமான தடுப்பாட்டக்காரன். ஜெர்மனியில் வளர்ந்த ஆண்கள் ஆடும் தொழில்முறைப் போட்டியில் 29 ஆட்டங்களில் 6 புள்ளிகள். சராசரி 0.21.

அறையிலிருந்த ஆறு பேரில் ஐவர் கண் இமைக்கும் நேரத்தில் அ, ஆ, இ என்று அகர வரிசையிலேயே அடுக்கிவிட்டனர். வணிகவியல் படிக்கும் நண்பன் ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா, நீ ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"மூன்றும் மூன்று கடைக் கணக்கு. ஒரே பேரேட்டில் எப்படி எழுதுவது? முதலாமவன் தன் வயதுப் பையன்களோடு ஆடியிருக்கிறான். மூன்றாமவன் முப்பது வயது ஆட்களோடு மோதியிருக்கிறான். அதோடு, தடுப்பவனை அடித்த கோலைக் கொண்டு அளப்பது, கணக்கரை விற்பனையைக் கொண்டு அளப்பது போல் இருக்கிறது" என்றான்.

புள்ளியியல் படிக்கும் எங்களுக்குத் தோன்றாதது வணிகவியல்காரனுக்குத் தோன்றியது!

இப்போது பெயர்களைச் சொல்கிறேன். அட்டை அ, செக் நாட்டு ஃபிலிப் ஸாடினா. 2018ஆம் ஆண்டுத் தேர்வில் ஆறாம் இடத்தில் டெட்ராய்ட் அவரை எடுத்தது. இன்னும் முன்னதாகவே போய்விடுவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் தங்கள் கைக்கு எட்டினாரே என்று அன்பர்கள் அகமகிழ்ந்தனர். அட்டை ஆ, க்வின் ஹியூஸ். அதே தேர்வில் அடுத்த இடமாகிய ஏழில் வான்கூவர் அணி அவரை எடுத்தது. அவர் படித்த மிச்சிகன் பல்கலைக்கழகம் டெட்ராய்ட் இருக்கும் அதே மாநிலத்தில்தான் உள்ளது. அட்டை இ, மோரிட்ஸ் சைடர். 2019இல், மறுபடியும் அதே ஆறாம் இடத்தில், டெட்ராய்ட் அவரை எடுத்தபோது பலரும் வியந்தனர்; அவருடைய முகத்திலேயே வியப்புத் தெரிந்தது.

நடந்தது என்ன? ஸாடினா டெட்ராய்டுக்காக 190 ஆட்டங்களில் 28 கோல்கள் அடித்தார். 2023இல் இரு தரப்பு இசைவோடு அவர் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. சைடர், முதல் முழுப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 50 புள்ளிகள் பெற்று, 2022இல் சிறந்த புதுமுகத்திற்கான கால்டர் பரிசை வென்றார். ஹியூஸ் 2023–24 பருவத்தில் 92 புள்ளிகள் குவித்து, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் பரிசை 2024இல் பெற்றார்.

நாங்கள் இட்ட வரிசை 1, 2, 3. காலம் இட்ட வரிசை 3, 1, 2. வேறுபாடுகள் 2, 1, 1. அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 6. ஸ்பியர்மன் வாய்பாட்டில் இட்டால் கெழு மைனஸ் 0.5. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்திருந்தால் கூடச் சராசரியாகச் சுழியாவது கிடைத்திருக்கும்!

தவறு எங்கே நுழைகிறது?

மேலும் படித்தபோது, வரிசை தவறுவதற்கு மூன்று வாயில்கள் இருப்பதைக் கண்டேன்.

முதலாவது, நண்பன் சொன்ன ஒப்பீட்டுக் குறை. வேறு வேறு போட்டிகளில் பெற்ற புள்ளிகளை ஒரே அளவுகோலுக்கு மாற்ற ஆய்வாளர்கள் மாற்றுக் கெழுக்களை வகுத்துள்ளனர். நாணய மாற்று போன்றது இது. ஆயினும் தடுப்பாட்டத்தின் நுட்பத்தை அது முழுமையாகப் பிடிக்காது.

இரண்டாவது, பிறந்த நாள். கனடாவில் சிறுவர்களை ஜனவரி முதல் நாளைக் கணக்காக வைத்து வயதுவாரியாகப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. எட்டு வயதில் பதினொரு மாத வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. மூத்தவன் பெரியவனாக இருப்பான். நல்ல அணியில் சேர்க்கப்படுவான். நல்ல பயிற்சி பெறுவான். பின் உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுவான். சிறந்த இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதைக் கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும் 1985இல் எடுத்துக்காட்டினர். அங்கே வரிசை, திறமையை அளக்கவில்லை, நாட்காட்டியை அளந்தது.

மூன்றாவது, பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத தொலைவு. 1989ஆம் ஆண்டுத் தேர்வில் 21 அணிகள் 12 சுற்றுகளில் 252 பேரை எடுத்தன. டெட்ராய்ட் 53ஆம் இடத்தில் சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமையும், 74ஆம் இடத்தில் சோவியத் நாட்டின் செர்கெய் ஃபெடரோவையும், 221ஆம் இடத்தில் விளாடிமிர் கான்ஸ்டான்டினோவையும் எடுத்தது. லிட்ஸ்ட்ரோம் ஏழு முறை நாரிஸ் பரிசு பெற்றார். ஃபெடரோவ் 1994இல் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் பரிசு பெற்றார். மூவரும் 1997இல் ஸ்டான்லி கோப்பையை ஏந்தினர். இவர்களுள் சோவியத் வீரர் இருவரும் தாழ்ந்த இடத்தில் எடுக்கப்பட்டதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. அந்நாட்டு ஆட்டக்காரர்கள் கடல் கடந்து வர முடியுமா என்ற ஐயமே காரணம். ஃபெடரோவ் 1990இல் தம் அணியை விட்டு வெளியேறியே அமெரிக்கா சேர்ந்தார். ஆகவே அந்த 74 என்பது அவருடைய ஆட்டத்தின் எண் அன்று. அக்கால அரசியலின் எண்.

இதே அணி 1998இல் பாவெல் டட்சியுக்கை 171ஆம் இடத்திலும், 1999இல் ஹென்ரிக் ஸெட்டர்பெர்கை 210ஆம் இடத்திலும் எடுத்தது. இருவரும் சேர்ந்து 2008இல் கோப்பை வென்றனர். மார்ட்டின் சென் லூயி என்ற கனடியரையோ எந்த அணியும் எந்தச் சுற்றிலும் எடுக்கவே இல்லை. அவர் 2004இல் ஹார்ட் பரிசு வென்றார்.

பேராசிரியர் கேட்ட கேள்வி

கருத்தரங்கில் இவ்வளவையும் சொல்லி, 'ஆகவே தரவரிசை வெறும் மாயை' என்று முடித்தேன். கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் மட்டும் கைதட்டவில்லை.

"தம்பி, மூன்று அட்டைகளையும் முடிவு தெரிந்த பிறகுதானே பொறுக்கி எடுத்தாய்? 1989இல் 252 பேர் என்றாய். நீ சொன்னது மூவரை. மற்றவர்கள் எங்கே? லெமியூ 1984இல் முதலிடம், கிராஸ்பி 2005இல் முதலிடம், மெக்டேவிட் 2015இல் முதலிடம். அவர்களை ஏன் விட்டாய்?" என்றார்கள்.

நான் வாயடைத்து நின்றேன்.

உண்மை அதுதான். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் என்றேனும் பெரிய அணியில் ஆடுகிறார்கள். கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளும் ஆடுவதில்லை. வரிசை, கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் மெய் பேசுகிறது. ஒரு தனி மனிதனைச் சுட்டிப் பேசும்போதுதான் தடுமாறுகிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: முதல் சில இடங்களுக்கிடையே உள்ள இடைவெளி பெரியது, நூறாம் இடத்திற்கும் இருநூறாம் இடத்திற்கும் இடையே உள்ளதோ நூலிழை. எண்கள் சம தூரத்தில் நிற்பது போல் தோன்றும். அவை குறிக்கும் திறமைகள் அப்படி நிற்பதில்லை. அதனால்தான் விவரம் அறிந்தோர் 'பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது' என்று சண்டையிடாமல், நாற்றுகளைச் சில படிகளாகப் பிரித்து, ஒரே படியில் உள்ளவர்களைச் சமமாகவே வைக்கிறார்கள்.

என் எண்

இதை எல்லாம் நான் ஏன் இவ்வளவு பற்றோடு படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இக்கல்லூரியில் என் வகுப்புக்கான சேர்க்கை மூன்று கட்டக் கலந்தாய்வுகளில் நடந்தது. முதற்கட்டத்தில் என் பெயர் இல்லை. இரண்டாம் கட்டத்திலும் இல்லை. மூன்றாம் கட்டத்தில், யாரோ ஒருவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டதால் காலியான இடத்தில், கடைசி ஆளாகச் சேர்ந்தேன். முதலாண்டு முழுவதும் அந்த எண் என் முதுகில் ஒட்டியிருப்பது போலவே இருந்தது. தரவரிசை மாயை என்று நிறுவ நான் ஆசைப்பட்டதில் என் வழக்கும் கலந்திருந்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்ந்தவனைப் பேராசிரியர் சரியாகவே கண்டுகொண்டார்கள்.

இந்த ஆண்டு முறை மாறியது. கல்லூரிகளுக்கிடையேயான வினாடி வினாவிற்கு முதலாண்டு மாணவர்களில் நால்வரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் துறையில் என்னிடம் தந்தார்கள். வந்தவர் பதினொருவர். நான் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? பிளஸ் டூ மதிப்பெண்களை வாங்கி இறங்குவரிசையில் எழுதியதுதான்! எழுதி முடித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

பிறகு பட்டியலை மூன்று படிகளாகப் பிரித்தேன். மேல் படியில் இருவர்; அவர்களைப் பற்றி ஐயமே இல்லை. நடுப்படியில் அறுவர். அவர்களை மதிப்பெண்ணால் பிரிக்காமல், ஒரு வாரம் மாலைதோறும் கேள்விகள் கேட்டுப் பார்த்தேன். இறுதியில் எடுத்த இருவரில் ஒரு பெண், மதிப்பெண் வரிசையில் எட்டாவதாக நின்றவர். அந்த முடிவு சரியா என்பது போட்டி நடந்த பிறகே தெரியும். சரியாகாமலும் போகலாம். தேர்வாகாத ஏழு பேரிடமும், 'அடுத்த பருவத்தில் மீண்டும் பார்ப்போம், வாருங்கள்' என்று சொல்லியிருக்கிறேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பொய்யன்று, நண்பர்களே. ஆனால் முளையைப் பார்த்த உழவன் அன்றோடு வயலை விட்டுப் போய்விடுவதில்லை. நாள்தோறும் வரப்பில் வந்து நின்று மறுபடியும் பார்க்கிறான். வரிசை போடும் நாமும் அதையே செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.